அரைக் கிலோ

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

தேர்வுப் போட்டியில் நீ தோற்றிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா? ஒரு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டுப் போட்டிக்கு நீ தேர்வான அன்று உன் அப்பா டயர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு இங்கே வந்தார். "பள்ளிக்கூடக் காலம் முழுக்க உன் வீட்டுல இருந்துதானே பயிற்சிக்குப் போனா. இதுல பாதிப் பேரு உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு என் சமையலறையில் நின்று அழுதார். எனக்குப் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாலைப் பொங்கவிட்டேன்.

மறுநாள் எங்கள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். 'பள்ளிக்கூடத்திலிருந்து பன்னாட்டுக் களம் வரை' என்று தலைப்பையும் அவரே தந்துவிட்டார். கடைசியிலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன். தேசிய முகாம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இரண்டு தங்கம், முதல் வருடத்தில் உன் காரை எலும்பு முறிந்தது எல்லாம் வந்துவிட்டது. முதல் பத்தி மட்டும் வரவில்லை. முதல் பத்தியில் பள்ளிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி வர வேண்டும். நீ அதில் வாங்கிய தங்கத்தால்தான் இந்தக் கல்லூரியில் பெண்கள் மல்யுத்தத்துக்கு இருந்த ஒரே இடம் உனக்குக் கிடைத்தது.

அந்தப் போட்டி எங்கள் கல்லூரி உள்ளரங்கில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். எடை பார்க்கும் இயந்திரத்தைச் சோதித்துத் தரச் சொல்லி இயற்பியல் துறையைக் கேட்டார்கள். துறையில் அன்று காலை நான் மட்டும்தான் இருந்தேன். ஆய்வகத்து எடைக்கற்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனேன். இருபது கிலோ வைத்தால் பத்தொன்பதரை காட்டியது. நாற்பது வைத்தால் முப்பத்தொன்பதரை. பூஜ்ஜியம் அரைக் கிலோ இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் சரியாகிவிடும்; ஒரு நிமிட வேலை.

நான் திருப்பவில்லை. சோதனை அட்டையில் 'பிழை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தொங்கவிட்டேன்.

ஏன் என்பது உனக்குப் புரியும். அன்று காலை ஆறு மணிக்கு என் வீட்டில் நீ ஐம்பத்து மூன்று கிலோ இருநூறு கிராம் இருந்தாய். உன் பிரிவின் வரம்பு ஐம்பத்து மூன்று. என் வீட்டு இயந்திரம் பொய் சொல்லாது என்று இருவருக்கும் தெரியும். அதைச் சரிபார்த்தவள் நான்தானே.

அன்றிலிருந்து உன் போட்டி ஒன்றுக்கும் நான் வரவில்லை. தேர்வுத்தாள் திருத்தணும், தலைவலி, மழை என்று ஐந்து வருடம் காரணம் சொன்னேன். காரணம் இதுதான்.

முகாமில் கைபேசியை வாங்கி வைத்துவிடுவது ஒருவகையில் எனக்கு வசதியாகப் போயிற்று. நேரில் என்றால் இன்னும் ஐந்து வருடம் சொல்லியிருக்க மாட்டேன்.

அத்தை


மார்ச் 12

அத்தை,

உங்க லெட்டரைக் குளியலறையில வச்சுப் படிச்சேன். ரூம்ல முடியாது. பக்கத்துக் கட்டில்ல யார் இருக்கா தெரியுமா? நெட்டை. அன்னைக்கு ஃபைனல்ல என்கிட்ட தோத்த அதே நெட்டை. அவதான் இப்ப எனக்குப் பயிற்சி ஜோடி. காலையில நாலு மணி நேரம், சாயந்திரம் மூணு மணி நேரம், நான் அவளைத் தூக்கிப் போடுறேன், அவ என்னைத் தூக்கிப் போடுறா. ஐம்பத்தேழு கிலோ பிரிவுக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாறினோம். நான் முதல், அவ ரெண்டாவது. எனக்கு ஏதாவது ஆனா அவ போவா. "உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுடி, எனக்கு பாஸ்போர்ட் போட்டோ கேவலமா இருக்கு" அப்படிம்பா.

இப்ப எதுக்கு அத்தை இதைச் சொன்னீங்க? போட்டிக்கு ஆறு வாரம்தான் இருக்கு. உங்க நெஞ்சுல இருந்ததை இறக்கி என் நெஞ்சுல வச்சுட்டீங்க. எனக்கு ஏற்கனவே எடை அதிகம்.

கோச் நேத்து கேட்டார், என்ன ஆச்சு, கால் தரையில ஒட்டலையேன்னு. தூக்கம் வரலைன்னு சொன்னேன்.

கட்டுரையை எழுதிக் கொடுத்துடுங்க. எல்லாரும் எழுதுற மாதிரி எழுதுங்க. விடாமுயற்சி, வியர்வை, அப்பாவோட டயர் கடை. யாரும் எடை மெஷினைப் பத்திக் கேட்க மாட்டாங்க. வேற யார்கிட்டயும் இதைச் சொல்லாதீங்க. அப்பாகிட்ட கண்டிப்பா வேண்டாம்.

பதில் போடணும்னு இல்ல.


மார்ச் 19

அன்புள்ள மருமகளுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இருந்தும் எழுதுகிறேன்.

கட்டுரை எழுத முடியாது என்று முதல்வரிடம் சொல்லிவிட்டேன். அடக்கமாக்கும் என்று எடுத்துக்கொண்டார். இப்போது தமிழ்த் துறைப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். நீ பெண் சிங்கமாம். சிங்கம் எடைப் பிரிவில் இறங்குமா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நீ சொன்னது சரி. என் பாரத்தை இறக்கி உன்மேல் வைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பெண் உன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அன்றைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் இது: இயந்திரம் எல்லோருக்கும் ஒரே அளவுதான் குறைத்துக் காட்டியது, ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை. முதல் வருட மாணவி எழுதினால் அடித்துவிட்டு 'மீண்டும் யோசி' என்று எழுதுவேன். வரம்புக்குமேல் இருந்தவள் நீ ஒருத்திதான். மற்றவர்கள் பட்டினி கிடந்து வந்திருந்தார்கள். நீ சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாய்.

நான் அவளுக்கும் அந்தப் போட்டியை நடத்திய விளையாட்டுச் சங்கத்துக்கும் எழுதலாம் என்றிருக்கிறேன். தவறு என்னுடையது மட்டும் என்றும், உனக்கு எதுவுமே தெரியாது என்றும் தெளிவாக எழுதிவிடுகிறேன். பதினேழு வயதுப் பெண்ணை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

உன் சம்மதம் வேண்டும்.

அத்தை


மார்ச் 30

அத்தை,

சங்கத்துக்கு எழுதாதீங்க. எழுதினா எனக்கு எதுவுமே தெரியாதுங்கற அந்த வரியை எழுத முடியாது.

எனக்குத் தெரியும்.

நீங்க காலையில சீக்கிரமே காலேஜுக்குக் கிளம்பிட்டீங்க. ஐம்பத்து மூணு இருநூறுன்னு பார்த்ததும் எனக்கு விட்டுப்போச்சு. அவ்வளவுதான், வெளிய அனுப்பிடுவாங்கன்னு முடிவு பண்ணிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சேன். முந்தின ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் முதல் தண்ணி. சும்மா பேருக்கு வந்து வரிசையில நின்னேன். மெஷின்ல ஏறினா ஐம்பத்திரண்டு தொள்ளாயிரம். முள்ளு நிக்கறதுக்குள்ள குதிச்சு இறங்கிட்டேன். அப்புறம்தான் அந்த அட்டையைப் பார்த்தேன். உங்க கையெழுத்து. நீங்க 'இ' போடுற சுழி ஊருக்கே தெரியும்.

எனக்காகப் பண்ணியிருக்கீங்கன்னு நினைச்சேன். மெஷினே உங்க கைவேலைன்னு நினைச்சேன். உண்மையைச் சொல்லணும்னா அன்னைக்குப் பெருமையா இருந்துச்சு அத்தை. யாருக்கும் அரை மார்க் சும்மா போடாத எங்க அத்தை எனக்காக இப்படின்னு. அந்தச் சந்தோஷத்துலதான் நல்லா ஆடினேன். வெட்கம் அன்னைக்கு வரல. அப்புறமா வந்துச்சு, வந்து போகவே இல்ல. நீங்க என் போட்டிக்கு வராதது எதனாலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டேன். நீங்க வந்துட்டா அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லைன்னு ஆகிடும்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். வரிசையில நெட்டை எனக்கு முன்னாடி நின்னா. அவளுக்கு ஐம்பத்திரண்டரை காட்டுச்சு. இறங்கி வந்து சிரிச்சா. "அட, அரைக் கிலோ கூடுதலா இறக்கிட்டேன். வீணாப் பட்டினி கிடந்தேன் பாரு" அப்படின்னா. முகம் காகிதம் மாதிரி இருந்துச்சு. ஃபைனல்ல ரெண்டாவது பாதியில அவ தொடை பிடிச்சுக்கிச்சு, நான் புரட்டிட்டேன். அந்த வருஷம் அவளுக்குக் காலேஜ் கிடைக்கல. ஒரு வருஷம் பிஸ்கட் கம்பெனியில டப்பா ஒட்டிட்டு அடுத்த வருஷம்தான் வேற காலேஜுல சேர்ந்தா.

இதை அவ இப்பவும் ஒரு ஜோக்கா சொல்லுவா. புதுசா யார் முகாமுக்கு வந்தாலும் சொல்லுவா. "என்னை மாதிரி அவசரக்குடுக்கையா இருக்காதீங்கடி. பயத்துல அரைக் கிலோ அதிகமா இறக்கி தங்கத்தைக் கோட்டை விட்டவ நான்." எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். அஞ்சு வருஷமா அவ தன்மேலயே அந்தத் தப்பைப் போட்டுக்கிட்டு இருக்கா. எடை இறக்கறதுன்னாலே அவளுக்குத் தன்மேல நம்பிக்கை இல்ல. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மெஷின்ல ஏறுவா. கோச் திட்டுவார், "ஏய், அது ஊஞ்சல் இல்ல, இறங்கு."

நான் ஏதாவது சொல்லணும். வாய் வர மாட்டேங்குது.


ஏப்ரல் 7

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து உனக்காகவும் ஒரு பொய் அட்டை எழுதப் போனேன்.

நானும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் எழுதினேன். அட்டையைத் தொங்கவிட்டு எடைக்கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உயரமான ஒரு பெண் வந்தாள். உதடு வெடித்திருந்தது. "மேடம், கத்தரிக்கோல் இருக்குமா?" என்றாள். மணிக்கட்டில் கட்டும் பட்டையை வெட்டவாக்கும் என்று ஆய்வகப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து நன்றி சொல்லித் திருப்பித் தந்தாள். பின்னல் இல்லை. கழுத்துக்குமேல் கன்னாபின்னாவென்று வெட்டியிருந்தாள். கத்தரியின் திருகாணியில் முடி சிக்கியிருந்தது. நூறு, நூற்றைம்பது கிராம் இருக்கும் என்று அப்போதே மனதுக்குள் கணக்குப் போட்டேன். அதற்குப் பிறகும் எடை பார்க்க இருபது நிமிடம் இருந்தது. திருகு அங்கேயேதான் இருந்தது.

அவசரத்தில் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்த இருபது நிமிடம் இடம் தரவில்லை.

அவளிடம் நான் நேரில் சொல்ல வேண்டும். முகாமில் பார்வையாளர் நாள் எது என்று எழுது. போட்டிக்கு முன்பா பின்பா என்பதை நீ சொல். அவள் உன் ஜோடியாக இல்லாவிட்டால் உன் பயிற்சி கெடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அத்தை


ஏப்ரல் 16

அத்தை,

நாளன்னைக்கு டீம் கிளம்புது, நெட்டை இங்க முகாம்லயேதான் இருப்பா. என் போட்டி இருபத்தஞ்சாம் தேதி மதியம்.

நேத்து கடைசிப் பயிற்சி. நெட்டை என்னோட எதிராளி மாதிரியே ஆடிக் காட்டினா. அந்த வெளிநாட்டுப் பொண்ணோட வீடியோ நாப்பது பார்த்திருக்கா. இடது தோளை எப்படி இறக்குவா, எப்ப மூச்சு வாங்குவா எல்லாம் செஞ்சு காட்டினா. எனக்காக அவ வேற ஒருத்தியாவே மாறியிருக்கா. முடிஞ்சதும் பாய்மேல உட்கார்ந்து என் காதுல ஐஸ் வச்சுவிட்டா. "உன் காது பழைய வடிவத்துக்கு இனி வராது. பொண்ணு பார்க்க வர்றவங்களை வலது பக்கமா உட்கார வை." அப்ப சொல்லியிருக்கணும். வாயைத் திறந்தேன். "தண்ணி குடு"ன்னு கேட்டேன்.

நான் இல்லாதப்ப நீங்க சொல்லிடுங்க. கோழைத்தனம்தான். இருபத்தஞ்சாம் தேதியே பார்வையாளர் நாள், ரெண்டு மணியிலிருந்து. என் போட்டி முடிஞ்சதும் சொல்லுங்க. நான் திரும்பி வர்றப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்கு முன்னாடியே தெரியும்ங்கறதை மட்டும் சொல்லாதீங்க. அதை நான் வந்து சொல்லிக்கறேன். இந்த உலகத்துல எனக்குன்னு இருக்கற ஒரே ஃப்ரெண்டு அவதான் அத்தை. நீங்க மெஷினைப் பத்திச் சொன்னா உங்கமேல கோபப்படுவா. என்னைப் பத்திச் சொன்னா போயிடுவா.

பார்த்துக்கங்க.


ஏப்ரல் 24

அன்புள்ள மருமகளுக்கு,

நீ திரும்பி வந்து இதை முகாமில் வாசிப்பாய். நாளைக்குப் போகிறேன். பேருந்தில் மூன்று மணி நேரம். என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன்; எல்லாமே வகுப்பில் சொல்வதைப்போல் இருக்கிறது. கிழித்துப் போட்டேன்.

நீ கேட்டதற்குச் சரி என்று நான் பதில் போடவில்லை. நானாக அதைச் சொல்ல மாட்டேன். அவள் கேட்டால் என்ன செய்வேன் என்று தெரியாது. கேட்க மாட்டாள் என்று நம்புகிறேன். நாற்பத்தெட்டு வயதில் நான் நம்பியிருப்பது இவ்வளவுதான்.

நாளை நீ ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கவும் கூச்சமாக இருக்கிறது.

இதை இன்று தபாலில் சேர்க்கவில்லை. நாளை நடப்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 25

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பெண்கள் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துத் தொலைக்காட்சி முன்னால் இருந்தார்கள். வார்டன் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். அது நெட்டையின் பக்கத்தில் அமைந்துவிட்டது. உன் அத்தை என்றதும் எழுந்து நின்றாள். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களை எனக்குத் தெரியும் மேடம். ரொம்ப நாளைக்கு முன்னாடி எனக்குக் கத்தரிக்கோல் கொடுத்தீங்க" என்றாள். நல்ல நினைவைச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

உன் ஆட்டத்தை முதல்முறையாகப் பார்த்தேன். முதல் போட்டியில் ஜெயித்தாய். இரண்டாவதில் கடைசிப் பத்து வினாடி வரை முன்னால் இருந்தாய். நெட்டை உட்காரவே இல்லை. "இடது தோளை இறக்கறா பாரு, இப்ப காலைப் பிடி. பிடிடி எருமை" என்று திரையோடு பேசிக்கொண்டே இருந்தாள். மூன்றுக்கு நான்கு என்று நீ தோற்றதும் துப்பட்டாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் ஒருத்தி, "அடுத்த தடவை நீ போ, நீதான் வாயாலேயே ஜெயிச்சுட்டியே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

துணி காயப்போடும் இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். திருகு, அட்டை, கத்தரிக்கோல், அந்த இருபது நிமிடம், எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அரைக் கிலோவா?"

"ஆமாம்."

"சரியா அரைக் கிலோவா மேடம்? கூடக் குறைய இல்லையே?"

"சரியாக அரைக் கிலோ."

"அப்ப நான் ஐம்பத்து மூணு இருந்திருக்கேன்" என்றாள். "சரியாத்தான் இறக்கியிருக்கேன்."

துண்டைக் கொடியில் போட்டாள். பிறகு கேட்டாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"நான் மார்ச்சில் எழுதினேன்."

"அதைக் கேக்கல. அன்னைக்கு. எனக்குப் பின்னாடி நின்னாளே, அப்ப அவளுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொன்னேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை இல்லை.

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "நான் அந்தக் கதையைச் சொல்றப்ப எல்லாம் அவ சிரிப்பா" என்று மட்டும் சொன்னாள். பிறகு நேராக வார்டனிடம் போய் அறை மாற்றித் தரச் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, ஜன்னல் பக்கம் கொசு என்றாள். மாடியில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. மெத்தையை அவள் தோளில் தூக்கிக்கொண்டாள். அவளுடைய வாளியையும் செருப்பையும் நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு முறை ஏறி இறங்கினோம். உன் கட்டில்மேல் இருந்த அவளுடைய போர்வையை எடுத்தபோது உன் தலையணை கீழே விழுந்தது. அதை எடுத்துத் தட்டி, இருந்த இடத்தில் வைத்தாள்.

கடைசியாக வாளியை அவள் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "சங்கத்துக்கு எழுதுவீங்களா?" என்றாள். எழுதுவேன் என்றேன். "எழுதுங்க. என் எடையையும் எழுதுங்க" என்றாள். பிறகு, எனக்கு நாலரைக்கு ஒரு பேருந்து இருக்கிறது என்றும் அதை விட்டால் ஆறரைக்குத்தான் என்றும் சொன்னாள்.

நாலரைப் பேருந்தில் வந்துவிட்டேன்.

அத்தை